நிலுவையில் ஒரு இலை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த மகராசன், கல்யாணப் பெண்ணே அந்தக் கல்யாணத்தைப் பண்ண வேண்டி வந்தால் என்ன கதி என்பதைச் சொல்லாமல் போய்விட்டான். தமிழரசி அதைத் தானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் அவளுக்கு முப்பத்தொரு வயது. அலிப்பூரில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. அம்மா அவள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போதே போய்விட்டாள். கூடப் பிறந்தவர்கள் கிடையாது. அப்பா வேலாயுதம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கப்பல் வயிற்றிலிருந்து டன் கணக்கில் தூக்கி இறக்கிய அந்த வலது கை, இரண்டு வருடத்துக்கு முன் வந்த பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு டம்ளரைத் தூக்காது. வலது காலும் அப்படித்தான். பேச்சு ஒவ்வொரு வார்த்தையாக, யோசித்து யோசித்து வரும்.

மாப்பிள்ளை தினேஷ்குமார், கார்டன் ரீச் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர். நல்ல மனிதன், அதிகம் பேசமாட்டான், அதுவே பாதி நல்ல குணம். அலுவலகத்தில் கூட வேலை பார்த்த நாகரத்தினம் சார் மூலமாக வந்த வரன். பெண் பார்த்து, பேசி, எல்லாம் சரி என்று ஆனபிறகுதான் கல்யாணம் எங்கே என்ற கேள்வி வந்தது. குடியாத்தத்தில் இருந்த அவன் அம்மா கிருஷ்ணம்மாளுக்கு, சொந்த ஊரில், சொந்தத் தெரு மண்டபத்தில் பண்ண ஆசை. ஆசையில் தப்பே இல்லை. ஆனால் வேலாயுதத்தை இரண்டு ராத்திரி ரயிலில் கொண்டுபோக முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தமிழரசி டெலிபோனை எடுத்தாள். "அத்தை, எங்க அப்பா இல்லாம எனக்குக் கல்யாணம் வேணாம். கல்கத்தாவுலயே வச்சுக்கலாம். உங்களுக்கு ஒரு வேலையும் வராது. எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன்."

கிருஷ்ணம்மாள் சொன்னாள்: "சரிம்மா, வரோம். நாப்பது பேரை இஸ்துகினு வரோம். ஆனா ஒண்ணு. அங்க வந்து எறங்கினப்புறம் மண்டபம் இல்ல, மேளம் இல்லன்னு ஏதனா ஒரு கொறை வந்துச்சு, அடுத்த வண்டியில திரும்பிடுவோம். அப்பால கல்யாணம் குடியாத்தத்துலதான். இன்னா சொல்ற?"

"ஒரு கொறையும் வராது அத்தை."

சொல்லிவிட்டாள். சொல்வதற்கு என்ன, வாய் இருக்கிறது. கொறை வந்தால் கல்யாணம் நிற்காது, அப்பா இல்லாமல் நடக்கும். அது நின்றுபோவதைவிட மோசம் என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் மதிய இடைவேளையில் ஒரு பழுப்பு அட்டைக் கோப்பை எடுத்தாள். சிவப்பு நாடா கட்டினாள். அட்டையின் மேல், பொருள்: என் கல்யாணம். முதல் தாளில் அப்பா அடிக்கடி சொல்லும் வாக்கியம்: பதறாத காரியம் சிதறாது. பத்து வருடம் அரசாங்கக் கோப்புகளோடு வாழ்ந்தவளுக்கு ஒன்று புரிந்திருந்தது. மலை மாதிரி இருக்கும் வேலையைப் பார்த்தால்தான் பயம். ஒரு தாளைப் பார்த்தால் பயம் வராது. அதனால் ஒரு நாளைக்கு ஒரு தாள், ஒரு தாளில் ஒரே ஒரு வேலை. அந்த வேலை முடிந்ததும் கையெழுத்துப் போட்டுக் கோப்பைக் கட்டிவிட வேண்டும். நாளைய வேலையை இன்று நினைப்பதும் குற்றம். இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டில் கல்யாணம் என்ற சொல்லே எழக்கூடாது. அப்பாவும் மகளும் சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டே டி.வி. பார்ப்பார்கள்.

ஆரணியிலிருந்து சித்தி டெலிபோனில் கத்துவாள்: "ஏண்டி, நாதஸ்வரத்துக்குச் சொல்லிட்டியா? பூவுக்கு? ஐயருக்கு? எனக்கே இங்க கையும் ஓடல காலும் ஓடல, நீ என்னடி சாவகாசமா இருக்கே!"

"நாதஸ்வரம் பிப்ரவரி மூணாந்தேதி சித்தி. இன்னிக்கு ஜனவரி பத்தொன்பது. இன்னிக்குச் சமையல்காரர் மட்டும்தான்."

சமையலுக்கு கரக்பூர் ரயில்வே காலனியிலிருந்து இராஜமாணிக்கம் வருவதாக அன்றே முடிவானது. மற்ற யோசனைகளையெல்லாம், யார் சொன்னாலும், "பரிசீலனையில் இருக்கு" என்று ஒரே வாக்கியத்தில் அடைத்துவிடுவாள். தினேஷ்குமாரே ஒருமுறை ஏதோ சொல்லப் போய் அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு வாயை மூடியிருக்கிறான். நாகரத்தினம் சார் ஜவுளிக்குத் துணைக்கு வருகிறேன் என்றார். வேண்டாம் சார், தாள் முடிஞ்சிடுச்சு என்றாள். கொஞ்சம் திமிர்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். அந்தக் கோப்பில் எல்லாவற்றுக்கும் தாள் இருந்தது. யாரிடமாவது உதவி கேட்பதற்கு மட்டும் தாள் இல்லை. அம்மா இல்லாத பொண்ணு, அம்மா இல்லாத பொண்ணு என்று பதினாறு வருடம் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள், எதையும் கேட்காமலே பிழைக்கப் பழகியிருந்தாள்.

பங்குனி மாதத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் தமிழரசிக்கு ஏகப்பட்ட பெருமை. நமக்குப் பங்குனி சாமிகளே கல்யாணம் செய்துகொள்ளும் மாதம். வங்காளிகளுக்கு அதே மாதம் சோய்த்ரோ. அந்த மாதத்தில் எந்த வங்காளி வீட்டிலும் கல்யாணம் நடக்காது. ஆகவே பியேபாடிகள், அதாவது கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் வீடுகள், காற்று வாங்கும். போதாக்குறைக்கு கரியாஹாட் நடைபாதை முழுக்க சோய்த்ரோ தள்ளுபடி. ஊரிலிருந்து வரும் அத்தை சித்திமாருக்கெல்லாம் புடவையை அங்கேயே அள்ளிவிட்டாள்.

இதில் ஒரே ஒரு மனக்கசப்பு. சந்தில் அடுத்த வீட்டு ரேணு மாஷிமா, நம் பேச்சில் சொன்னால் பெரியம்மா. அம்மா போனபின் தமிழரசிக்குத் தலை பின்னிவிட்டது, ஜுரத்துக்குப் பார்லி கஞ்சி கொடுத்தது, பூஜா பந்தல்களுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனது எல்லாம் அந்த அம்மாள்தான். தேதியைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"சோய்த்ரோ மாசத்துலயா? மா, அது ஆகாத மாசம். ரெண்டு வாரம் தள்ளி போய்ஷாக்ல வை. நானே எல்லாம் செஞ்சு தரேன்."

"மாஷிமா, எங்களுக்கு அதுதான் நல்ல மாசம். உங்க போய்ஷாக் எங்களுக்குச் சித்திரை. அப்போ அவங்க ஊர்ல திருவிழா, ஒருத்தரும் வர மாட்டாங்க."

"வச்சுக்கோ. வந்து சாப்பிடறேன், ஆசீர்வாதம் பண்றேன். ஆனா சோய்த்ரோ கல்யாணத்துக்கு என் கையால ஒரு துரும்பும் எடுத்துப் போடமாட்டேன். நாளைக்கு உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா என் மனசு கேக்காது." கோபமில்லை, பயம்தான். ஆனாலும் தமிழரசிக்குச் சுருக்கென்றது. துரும்பு எடுக்க நான் யாரையும் கேட்கவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

மண்டபம் அவர்கள் குடியிருந்த டாலிகஞ்ச்சிலேயே கிடைத்தது. ட்ராம் டிப்போவுக்குப் பின்னால் பழைய இரண்டு மாடி வீடு. கீழ்க்கூடத்துக்குப் படியே கிடையாது, சக்கர நாற்காலி வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், அதற்காகவே பிடித்துவிட்டது. நிதாய் என்ற காப்பாளர், பெரிய நோட்டைப் புரட்டி, மார்ச் இருபத்தெட்டு, ஞாயிற்றுக்கிழமை என்று எழுதிக்கொண்டார். கல்யாணம் எத்தனை மணிக்கு என்று அவர் கேட்கவில்லை. கல்யாணம் என்றால் சாயங்காலம்தானே! அவளும் சொல்லவில்லை, கல்யாணம் என்றால் விடியற்காலைதானே! இருவரும் சிரித்தபடி கும்பிட்டுப் பிரிந்தார்கள். முப்பது வருடமாக அந்த ஊரில் நூறு கல்யாணத்துக்குப் போய், எல்லாவற்றிலும் இரவு பத்து மணிக்கு மீன் சாப்பிட்டவள் தமிழரசி. அவளுக்கே அது தோன்றவில்லை.

இருபத்தாறாம் தேதி வெள்ளிக்கிழமை மதியம். அன்றைய தாள்: மணவறை வைக்கும் இடத்தை அளப்பது. அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, அளவு நாடாவோடு போனாள். குடியாத்தத்து நாற்பது பேரும் முந்தின இரவே சென்னையில் மெயில் ஏறியாகிவிட்டது. சனிக்கிழமை காலை ஹவுராவில் இறங்குவார்கள்.

"நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு மணவறைக்காரர் வருவார். விடியற்காலை மூணு மணிக்கு அடுப்புப் பத்த வைக்கணும். ஆறு மணிக்கு முகூர்த்தம்" என்று அளந்துகொண்டே சொன்னாள்.

நிதாய்-தா அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்த ஊரில் ஆண் என்றால் தா, அண்ணன்; பெண் என்றால் தீதி, அக்கா. "எந்தக் காலை ஆறு மணி?"

"ஞாயித்துக்கிழமை காலை."

"தீதி, உங்க நாள் ஞாயித்துக்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பிக்குது. திங்கக்கிழமை காலை எட்டு வரைக்கும் உங்களுது. ரசீது பின்னாடி போட்டிருக்கே."

ரசீதைத் திருப்பினாள். பொடி எழுத்தில் வங்காளத்தில் போட்டிருந்தது. வங்காளம் பேசினால் தண்ணீர் பட்ட பாடு. படிக்கத்தான் கொஞ்சம் திக்கும். எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவர் சொன்னது சரி. பத்து மணிக்கு மேல் அன்றைக்கு வேறு முகூர்த்தமும் கிடையாது.

"அப்போ சனிக்கிழமை?"

"சனிக்கிழமை வேற ஆளோடது. அம்மா செத்துப்போன வீடு. இன்னிக்குத் திதி, நாளைக்கு மத்தியானம் நியோம்பங்கோ." பதின்மூன்று நாள் துக்கமும் பத்தியமும் முடிந்து, உறவுக்காரர்களுக்கு மீனோடு சோறு போடும் சடங்கு அது. "ஞாயிறு காலை எட்டு வரைக்கும் வீடு அவங்களுது. துக்க வீட்டுல போய், இடத்தைக் குடுன்னு நான் கேக்க மாட்டேன் தீதி. என்னை மன்னிச்சிடுங்க."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. எதிரே இருந்த டெலிபோன் பூத்துக்கு ஓடினாள். வேறு மூன்று பியேபாடிகளுக்குப் பேசினாள். சோய்த்ரோவில் எவன் கல்யாணம் வைக்கிறான் என்று முதலாவது சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தது. இரண்டாவதில் கூரையையே பிரித்துப் போட்டிருந்தார்கள். மூன்றாவது காலி, ஆனால் கூடம் இரண்டாம் மாடியில், செங்குத்தான படி. அவள் பெருமைப்பட்ட அந்த மாதமே திரும்பி அவள் கழுத்தைப் பிடித்தது.

சந்து முனைக் குழாயடிக்கு வரும்வரை அழவில்லை. அங்கே உட்கார்ந்தாள், கோப்பை மடியில் வைத்தபடி. வீட்டுக்குள் போனால் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் ஒரு வாரமாக இடது கையால் அட்சதை தூவிப் பழகிக்கொண்டிருந்தார். அவளுக்குத் தெரியாது என்று நினைத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு தட்டில் அரிசியை வைத்துக்கொண்டு. அதை நினைத்ததும் அடக்க முடியவில்லை.

"என்ன ஆச்சு?" ரேணு மாஷிமா, கையில் வாளியோடு.

ஒன்றுமில்லை மாஷிமா என்பதுதான் தமிழரசியின் வாயில் பதினாறு வருடமாகத் தயாராக இருக்கும் பதில். அன்றைக்கு அது வரவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். இப்போது மாஷிமா, பார்த்தியா சோய்த்ரோ என்று நான் சொன்னேனே என்பார் என்று எதிர்பார்த்தாள். சொல்லவில்லை. வாளியைக் கீழே வைத்தார்.

"யார் வீடு? விலாசம் வாங்கினியா?"

"நிதாய்-தா குடுத்தார். அனிமேஷ் பாபுன்னு பேரு. மாஷிமா, அவங்க வீட்டுல போய் நான் எப்படிக் கேப்பேன்? அம்மா போயி ரெண்டு வாரம்தான் ஆகுது."

"கேக்கறது எப்படின்னு தெரியலையா? வாயைத் திறந்துதான். எழுந்திரு, முகத்தைக் கழுவு. நானும் வரேன்."

தமிழரசி பழக்கடைப் பக்கம் திரும்பினாள். மாஷிமா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்து, திதி வீட்டுக்கு என்ன கொண்டுபோவது என்று கூடத் தெரியாதா என்று கடிந்து, நிலச்சம்பங்கி மாலை ஒன்றும் ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பும் வாங்கினார்.

மாலை ஐந்து மணி இருக்கும். அந்த வீட்டு முன்னறையில் ஒரு மூதாட்டியின் படம், அதைச் சுற்றி வெள்ளைப் பூக்கள். மொட்டையடித்த தலையும் வெள்ளை வேட்டியுமாக ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எழுந்து வந்து, மாலையை வாங்கிப் படத்துக்குப் போட்டார். அம்மாவுக்குத் தெரிந்தவர்களா என்று கேட்டார்.

"இல்லை" என்றாள் தமிழரசி. ஆரம்பமே சரியில்லை. "நாங்க தமிழ்க்காரங்க. எங்களுக்குக் கல்யாணம் காலையில. ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு. எனக்குத்தான். நான்தான் நேரத்தைப் பார்க்காம, நீங்க எடுத்திருக்கற அதே பியேபாடியைப் பேசிட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ரயில்ல வந்துட்டு இருக்காங்க. எங்க அப்பாவுக்குக் கை கால் வராது. அந்த வீட்டுக்கு மட்டும்தான் படி இல்லை. நாளைக்குச் சாயங்காலத்துக்கு மேல உங்களுக்கு..."

அனிமேஷ் பாபு அவளை முடிக்க விடவில்லை. "சாப்பாடு மூணு மணிக்கு முடிஞ்சிடும். அக்காங்க அஞ்சு மணி வண்டிக்கு பர்த்வான் போறாங்க. அதுக்கப்புறம் அந்த வீட்டை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்?" மேசையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நிதாய்க்கு நான்கு வரி எழுதினார். பிறகு தயங்கினார். "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. உங்களுக்கு? அங்க எங்க அம்மா காரியச் சாப்பாடு நடக்குது. மாப்பிள்ளை வீட்டுல ஒண்ணும் நினைக்க மாட்டாங்களா?"

அந்த மனுஷன் தன் துக்கத்தில் நின்றுகொண்டு அவளுடைய சம்பந்தி வீட்டைப் பற்றிக் கவலைப்பட்டார். தமிழரசிக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. வாடகையில் பங்கு என்று ஏதோ முணுமுணுத்தாள். அவர் கையை மட்டும் அசைத்தார். "நீங்க கட்டாயம் வரணும்" என்றாள் கடைசியாக.

"வர முடியாதும்மா. அம்மா போனா எங்களுக்கு ஒரு வருஷம். எந்தக் கல்யாண வீட்டுலயும் காலெடுத்து வைக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது." படத்தைப் பார்த்துக்கொண்டார். "அம்மா இருந்திருந்தா வந்திருப்பாங்க. காலையில கல்யாணமா, ராத்திரி பதினொரு மணி வரைக்கும் பந்திக்குக் காத்திருக்க வேணாமான்னு சந்தோஷப்பட்டிருப்பாங்க."

அன்று இரவு எட்டு மணிக்கு முன் தமிழரசி கோப்பில் புதிதாக ஒரு தாளைச் சேர்த்தாள். அதில் ஒரே வரி: அனிமேஷ் பாபு, ஒரு இலை, நிலுவை.

சனிக்கிழமை காலை ஹவுராவில் நாற்பது பேரும் மூட்டை முடிச்சோடு இறங்கினார்கள். மறைத்துவிடலாம் என்று தினேஷ்குமார் சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை, அம்மாவைப் பறிகொடுத்தவர் வீட்டில் வாங்கிய இடத்தைப் பொய் சொல்லி அனுபவிக்க மனம் வரவில்லை. பிளாட்பாரத்திலேயே, கிருஷ்ணம்மாள் வெற்றிலைப் பையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"சாவுச் சோறு போட்ட எடத்துலயா?" என்றாள் கிருஷ்ணம்மாள்.

"ஆமா அத்தை."

சுற்றி நின்ற சித்தி பெரியம்மாக்களெல்லாம் முறைத்தார்கள். கூலிகூட மூட்டையைத் தூக்காமல் நின்றான். திரும்புகிற வண்டி எத்தனை மணிக்கு என்று தமிழரசியின் மனம் தானாகக் கணக்குப் போட்டது.

கிருஷ்ணம்மாள் வெற்றிலையைக் கிழித்தாள், சுண்ணாம்பு தடவினாள். "கழுவி வுட்ருவாங்களா?"

"கழுவிடுவாங்க அத்தை."

"அப்பறம் இன்னா? எங்க தெரு மண்டபத்துல காலைல கல்யாணம், சாயங்காலம் கருமாதி. மண்டபத்துக்கு இன்னா தெரியும்? பெத்தவளை அனுப்பிட்டு நிக்கிற புள்ள மனசார வுட்டுக் குடுத்திருக்கான். இதை வுட நல்ல சகுனம் எங்கடி கெடைக்கும்? நீ மறைக்காம சொன்ன பாரு, அதான் எனக்கு வேணும்." பாக்கை வாயில் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "இன்னாங்கடி மொறைக்கிறீங்க? மூட்டைய தூக்குங்க!"

மாலை நான்கு மணிக்கு மணவறைக்காரரோடு தமிழரசி மண்டபத்துக்குப் போனாள். கூடம் ஈரமாகப் பளபளத்தது. அனிமேஷ் பாபுவின் ஆட்கள் ஒரு பூவிதழ்கூட மிச்சமில்லாமல் பெருக்கி, இரண்டு தடவை கழுவிவிட்டுப் போயிருந்தார்கள். வாசலில் யாரோ குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் ரேணு மாஷிமா. பக்கத்தில் ஒரு கிண்ணம் அரைத்த அரிசி மாவு. விரல்களில் மாவைத் தொட்டுத் தொட்டு, வாசல் முழுக்கத் தாமரையும் கொடியுமாக ஆல்பனா, வங்காளத்துக் கோலம், போட்டுக்கொண்டிருந்தார்.

"மாஷிமா! சோய்த்ரோ?"

"சோய்த்ரோ எனக்குத்தானே. உனக்கு என்னவோ பொங்குனியோ என்னவோ." தலையை நிமிர்த்தவில்லை. "அந்தப் பையன் துக்கத்துல இருக்கறவன், அவனே ஆகும் ஆகாதுன்னு பார்க்கலை. நான் எந்த ஊர் மகாராணி? மிதிக்காதே, காயட்டும்."

தமிழரசி அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மாஷிமா மறுபடி மறுபடி விரட்டியும் எழுந்திருக்கவில்லை. நன்றி என்று சொன்னால் அடிப்பார் என்று தெரியும்; ஆகவே கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு நாற்பதுக்குத் தாலி ஏறியது. நாதஸ்வரச் சத்தத்துக்கு அந்தத் தெருவே ஜன்னலைத் திறந்து, விடியற்காலையில் இவர்களுக்கு என்ன கேடு என்று எட்டிப் பார்த்தது. வேலாயுதம் சக்கர நாற்காலியில் மணவறைக்குப் பக்கத்திலேயே இருந்தார். ஒரு வாரம் பழகியது வீண்போகவில்லை. இடது கையால் தூவிய அட்சதை நேராக மகள் தலையில் விழுந்தது. கொஞ்சம் ஐயர் தலையிலும் விழுந்தது. அவர் அழுதார், அவளும் அழுதாள், ஐயர் புகை என்று நினைத்துக்கொண்டார். நாகரத்தினம் சார் கேட்காமலே பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். இந்தத் தடவை தமிழரசி வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றைக்குப் பந்தி பந்தியாக இலை போட்டபோது, அவள் கண் வாசலுக்கு இரண்டு மூன்று தடவை போய்வந்தது. வரமாட்டார் என்று தெரிந்தும்தான்.

கல்யாணம் முடிந்து தினேஷ்குமாரும் அந்தச் சந்து வீட்டுக்கே குடிவந்தான். ஒரு நாள் அலமாரியைத் துடைக்கும்போது பழுப்புக் கோப்பைப் பார்த்தான். "இதை எடைக்குப் போட்டுடலாமா?"

"முடியலையே. ஒண்ணு நிலுவையில இருக்கு."

அரசாங்கக் குமாஸ்தாவிடம் நிலுவை என்றால் வேடிக்கையில்லை. பூஜா வந்து போனது, தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது. கோப்பு நாடா கட்டியபடி அலமாரியில் இருந்தது. மறுவருடம், அனிமேஷ் பாபுவின் அம்மாவுக்கு வருஷத் திதி கழிந்தபின், தமிழரசியும் தினேஷ்குமாரும் அவர் வீட்டுக்குப் போனார்கள். ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தார்கள். போன வருடத்துப் பத்திரிகைதான். தேதியை மட்டும் அடித்துவிட்டு, சித்திரை முதல் ஞாயிறு என்று மேலே எழுதியிருந்தாள். அவர் அதைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வந்தார். தலையில் முடி நரையும் கருப்புமாக அடர்த்தியாக வளர்ந்திருந்தது. தமிழரசிக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. ரேணு மாஷிமா புதுப்புடவையில் வந்து, இதோ பார், போய்ஷாக், எல்லாருக்கும் நல்ல மாசம் என்று வந்ததும் வராததுமாக அறிவித்தார். லேக் மார்க்கெட்டிலிருந்து வாங்கிய வாழையிலையைத் தரையில் விரித்து, கல்யாணத்தன்று இருந்த அத்தனை பதார்த்தமும், அவியல், உருளைக்கிழங்கு பொரியல், வடை, அப்பளம், சேமியா பாயசம் வரை, தமிழரசியே விடிய எழுந்து சமைத்தாள். ஒரு இலைக்காக அவ்வளவும்.

சோறு வைக்க அன்னவட்டியை எடுத்தபோது அப்பா "நான்" என்றார்.

கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவர் விருந்தாளிக்குத் தன் கையால் ஒரு கரண்டியாவது பரிமாற வேண்டும். அன்றைக்கு அவரால் முடியவில்லை. இடது கையால் சோறு போடுவதா என்று ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். தமிழரசி நாற்காலியை இலைக்கு அருகே தள்ளினாள். அப்பாவின் வலது கையை எடுத்து, அன்னவட்டியின் காம்பில் விரல்களை ஒவ்வொன்றாகச் சுற்றி, அதன்மேல் தன் கையை வைத்து இறுகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையும் சேர்ந்து சோற்றை அள்ளி இலையில் வைத்தன. பாதி இலையில், பாதி தரையில். அனிமேஷ் பாபு தரையில் விழுந்ததையும் எடுத்து இலையில் சேர்த்துக்கொண்டார்.

"ஆரேக்டு" என்றார் அவர். இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம். அப்பாவுக்கு முப்பத்தைந்து வருட வங்காளம், முகம் மலர்ந்துபோனது. மறுபடி இரண்டு கையும் அள்ளின. மூன்றாம் தடவையும் அவர் கேட்டார். அந்த மனிதருக்கு அவ்வளவு பசி இருந்திருக்காது என்பது தமிழரசிக்குத் தெரியும்.

சாப்பிட்டு முடித்து, அனிமேஷ் பாபு இலையை மூடப் போனார். பழக்கமில்லாதவர், இலையின் கிட்டத்து ஓரத்தைப் பிடித்து, அந்தப் பக்கமாக மடிக்கத் தூக்கினார். நம்மில் அப்படி மூடுவது சாவு வீட்டில்தான்.

"இல்ல!" அப்பாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. இடது கையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். ஒவ்வொரு வார்த்தையாக, வங்காளத்தில், வேர்த்துப்போய்ச் சொன்னார். "இந்தப் பக்கம். உங்க பக்கம். இது... கல்யாண இலை. உங்க பக்கம் மூடினா... சொந்தம் போகாது."

அனிமேஷ் பாபு பிடித்த ஓரத்தை விட்டார். பிறகு அந்தப் பக்கத்து ஓரத்தைப் பிடித்து, மெதுவாக, தன் பக்கமாக மடித்து மூடினார். மூடிய இலையின் மேல் கையை வைத்துக்கொண்டு சிறிது நேரம் எழுந்திருக்கவில்லை.

அவர் போனபின் தமிழரசி கோப்பை எடுத்தாள். கடைசித் தாளில் தேதியைப் போட்டு, முடிந்தது என்று எழுதி, கையெழுத்திட்டாள். நாடாவைக் கட்டும் முன் பேனாவையும் தாளையும் அப்பாவிடம் நீட்டினாள். வேலாயுதம் இடது கையால், கோணல்மாணலாக, தன் பெயரை அவள் பெயருக்குக் கீழே எழுதினார்.